அழுக்கைத் துடை; அப்பாவைத் துடைக்காதே!

(தலைப்பு: பழைய காரின் எஞ்சினுக்குப் பெருமை புதுப் பொலிவா? பழைய நிலையா? 'பழைய நிலையே' என்ற அணியில் பேசியது.)

எனக்கு முன்னாலே பேசி, இந்த அரங்கத்திலே இருந்த கைதட்டலையெல்லாம் மூட்டை கட்டித் தன் நாற்காலிக்கு அடியிலே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர் அவர்களே!

நண்பர் என்ன சொன்னார்? "பழைய காரோட பானெட்டைத் திறந்தா, எஞ்சின்ல நம்ம முகம் தெரியணும், அப்படிப் பளபளக்கணும்"னு சொன்னார். ஐயா, முகம் பாக்கணும்னா வீட்ல பீரோவுல கண்ணாடி இருக்கு. அதுல பாருங்க. அதுக்கு எதுக்கு பானெட்டைத் திறக்கறீங்க? (சிரிப்பு) பானெட்டைத் திறந்தா நம்ம முகம் தெரியக் கூடாதுங்க. அந்த வண்டியோட முகம் தெரியணும்! (கைதட்டல்)

நடுவர் அவர்களே, முதலிலே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். 'பழைய நிலை' என்று சொன்னவுடனே, ஏதோ நாங்கள் அழுக்குக்கு வக்காலத்து வாங்க வந்தவர்கள் மாதிரி எதிரணியிலே பேசுகிறார்கள். இல்லவே இல்லை. எஞ்சின் சுத்தமாக இருக்க வேண்டும். அதிலே எங்களுக்கும் அவர்களுக்கும் சண்டையே கிடையாது. ஆனால் சுத்தம் செய்வது வேறு, மாற்றுவது வேறு. குழந்தையைக் குளிப்பாட்டச் சொன்னா, குளிப்பாட்டித் துடைச்சுக் குடுக்கணும். குளிப்பாட்டப் போயிட்டு வேற குழந்தையைத் தூக்கிட்டு வரக்கூடாது! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

நான் கார் கம்பெனிக்காரன் இல்லை. ஒரு தமிழாசிரியன். ஆனால் எங்கள் வீட்டிலே ஒரு வண்டி இருக்கிறது. 1971-ஆம் ஆண்டு அம்பாசிடர், மார்க் டூ. இந்த அம்பாசிடருக்கு ஒரு பூர்வீகம் உண்டு. இங்கிலாந்திலே மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்று ஒரு கார். அதிலே மூன்றாம் வரிசை. அந்த வடிவத்தைக் கொண்டு வந்து மேற்கு வங்காளத்திலே உத்தரபாடா என்ற ஊரிலே 1957-லே செய்ய ஆரம்பித்தார்கள். 2014-லே நிறுத்தினார்கள். ஐம்பத்தேழு வருஷம்! மந்திரியும் அதிலேதான் போனார். மாப்பிள்ளையும் அதிலேதான் போனார். பானெட்டைத் திறந்தா உள்ளே எவ்வளவு இடம் தெரியுமா? 1,489 சி.சி. எஞ்சினை நடுவுல வச்சிட்டு, சுத்தி நாலு பேர் பந்தி பரிமாறலாம். (சிரிப்பு) இப்ப வர்ற கார்ல பானெட்டைத் திறந்தா, ஒரு விரலை உள்ள விட்டா வெளியே எடுக்க ஆள் தேடணும்.

எங்கள் அப்பா அந்த வண்டியை 1978-லே பழசாக வாங்கினார். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலே டாக்ஸி ஓட்டினார். நாலு பிள்ளைகளுக்கு அந்த எஞ்சின்தான் சோறு போட்டது. நான் போட்டிருக்கிற இந்தச் சட்டைக்கும், பேசுகிற இந்தத் தமிழுக்கும் அந்த எஞ்சின்தான் காசு கட்டியது. (கைதட்டல்)

எங்க அப்பாவுக்கு ஒரு வழக்கம். சனிக்கிழமை அவருக்கு எண்ணெய்க் குளியல். ஞாயித்துக்கிழமை வண்டிக்கு மண்ணெண்ணெய்க் குளியல்! (சிரிப்பு) எங்க அம்மா கத்துவாங்க. "ரேஷன்ல போடறதே கொஞ்சம். அதுல பாதி உங்க மூத்த சம்சாரத்துக்கே போயிருது"ம்பாங்க. (சிரிப்பு) அப்பா வாயே திறக்க மாட்டார். வண்டியைத் திறந்துருவார்.

அவர் செய்கிற முறையை நான் சொல்கிறேன். வீட்டிலே பழைய கார் வைத்திருக்கிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது கையே வைக்க மாட்டார். ராத்திரி முழுக்க ஆறவிட்டு விடியற்காலையிலேதான் ஆரம்பிப்பார். முதல் வேலை, பேட்டரியிலே எர்த் வயரைக் கழற்றுவது. இரண்டாவது வேலை, கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோ மூன்றுக்கும் பாலிதீன் பை மாட்டி, சணல் கயிற்றாலே கட்டுவது. மழைக்குக் குடை பிடிக்கிற மாதிரி. தண்ணீர் போகக் கூடாத இடங்கள் அவை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றவே மாட்டார். கழற்றினால் அந்த ஓட்டை வழியாக அழுக்கு உள்ளே போய்விடும்.

அப்புறம் ஒரு பெயின்ட் பிரஷ், ஒரு பழைய டூத் பிரஷ். மண்ணெண்ணெயைத் தொட்டுத் தொட்டு, பிசுக்கு இருக்கிற இடத்திலே மட்டும் தேய்ப்பார். பெட்ரோலைத் தொட மாட்டார். "அது சுத்தம் பண்ணாது, நம்மளையே சுத்தமா முடிச்சிரும்"பார். (சிரிப்பு) பக்கத்திலே பீடிக்கூடப் பற்ற வைக்க விடமாட்டார். ரப்பர் குழாயிலே மண்ணெண்ணெய் படாமல் பார்த்துக்கொள்வார். பட்டால் ரப்பர் ஊதிப் போகும். பிறகு சோப்புத் தண்ணீரிலே நனைத்துப் பிழிந்த துணி. அதற்கும் பிறகு பழைய வேட்டித் துணி. அதிலேதான் நூல் பிரியாது. கடைசியிலே பானெட்டைத் திறந்தபடியே வெயிலிலே காய விடுவார். ஹோஸ் பைப்பை வைத்துப் பீய்ச்சி அடித்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

பேட்டரி முனையிலே வெள்ளையாகப் பூத்திருக்கும். அதற்கு அடுக்களையிலே இருந்து சமையல் சோடாவைத் திருடுவார். (சிரிப்பு) தண்ணீரிலே கரைத்து, பேட்டரிக்கு உள்ளே ஒரு சொட்டும் இறங்காமல் முனையிலே மட்டும் விடுவார். புஸ்ஸென்று நுரைத்து அடங்கும். துடைத்து, மாட்டி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுவார். எங்க அம்மா சொல்லுவாங்க, "எனக்குத் தலைவலின்னா தைலம் தடவ ஆளில்ல. பேட்டரிக்கு வாசலின் தடவ ஆளிருக்கு!" (பலத்த சிரிப்பு)

ஏன் இவ்வளவு பாடு? அழகுக்கா? ஒரு நாள் நானே கேட்டேன். அப்பா சொன்னார்: "அழுக்கு மூடியிருந்தா நோய் தெரியாதுடா. துடைச்சு வச்சா, நாளைக்கு எங்க ஈரம் இருக்கோ அங்கதான் ஒழுகுதுன்னு தெரியும்." நடுவர் அவர்களே, ஒரு தடவை கொடைக்கானல் சவாரி. அதிகாலையிலே கிளம்ப வேண்டும். பானெட்டைத் திறந்து பார்த்தார். முந்தின நாள் துடைத்த எஞ்சின். பெட்ரோல் குழாய் கார்புரேட்டரிலே சேருகிற மூட்டிலே ஒரு ரூபாய் அகலத்துக்கு ஈரம். அந்த மூட்டைச் சரி செய்த பிறகுதான் வண்டியை எடுத்தார். பிசுக்குப் படிந்த எஞ்சினாக இருந்திருந்தால் அந்த ஈரம் கண்ணுக்குத் தெரிந்திருக்குமா? மலைப் பாதையிலே, கொதிக்கிற எஞ்சின் மேலே பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும்? அந்தக் காரிலே ஒரு கைக்குழந்தை இருந்தது ஐயா. (அமைதி)

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. ஆயில் மாற்றுகிற அன்று, பேட்டரிக்குப் பக்கத்திலே இருக்கிற பக்கத் தகட்டிலே, வேப்பங்குச்சியை வெள்ளைப் பெயின்ட்டிலே தொட்டு, தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி வைப்பார். அவர் குச்சியோடு நிற்பார். அம்மா டிரைவர் சீட்டிலே உட்கார்ந்து மீட்டரைப் பார்த்து நம்பர் சொல்லுவாங்க. எங்க அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனா நம்பர் படிப்பாங்க. அந்த மீட்டர்லதான் படிச்சாங்க. (கைதட்டல்) ஒன்றுக்குக் கீழே ஒன்றாக முப்பது வருஷக் கணக்கு. கடைசி வரி 2008. அதிலே எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும். கை நடுங்க ஆரம்பித்த காலம். 2009-லே அப்பா போய்விட்டார்.

2012-லே என் மகளுக்குக் கல்யாணம். "மாப்பிள்ளை அழைப்புக்குத் தாத்தா வண்டிதான் வேணும்"னு ஒத்தைக் கால்ல நின்னா. நானும் ஒரு பட்டறையிலே கொண்டு போய் விட்டேன். விட்டுட்டு என்ன சொன்னேன்? இப்ப எதிரணி நண்பர் சொன்னாரே, அதே வாக்கியம். "திறந்தா பளபளன்னு இருக்கணும்!" தப்பு அவங்க மேல இல்லைங்க. கேட்டது நான்.

வண்டி வந்தது. திறந்தேன். எஞ்சின், பக்கத் தகடு, பின் தகடு எல்லாம் ஒரே வெள்ளிப் பெயின்ட்! அலுமினியம் மேலேயும் பெயின்ட், போல்ட்டு மேலேயும் பெயின்ட். பழைய கிளிப்பு, பழைய மூடி எல்லாம் போய், குரோமியம் பூசிய புதுசு. ஏதோ வெள்ளிப் பாத்திரக் கடையைத் திறந்த மாதிரி இருந்தது. நான் பூரிச்சுப் போயிட்டேன்.

மாப்பிள்ளை அழைப்பு. மேளம் அடிக்குது. மாப்பிள்ளை கோட்டு சூட்டுல உள்ள உட்கார்ந்தாச்சு. சாவியைத் திருப்பினா, 'டொக்'. திரும்பவும் 'டொக்'. அவ்வளவுதான்! நாதஸ்வரக்காரர் என் முகத்தைப் பாத்து வாசிக்கறதையே நிறுத்திட்டார். (சிரிப்பு) கடைசியில மாப்பிள்ளையே இறங்கித் தள்ளினார் ஐயா! பெண் வீட்டுக்காரனுக்கு இதைவிட ஒரு அவமானம் வேணுமா? என் மகள் கல்யாணத்துல சீர் வரிசையோட சேர்த்து மாப்பிள்ளைக்குத் தள்ளு வண்டியும் குடுத்த மாமனார் நான் ஒருத்தன்தான்! (நீண்ட சிரிப்பு, கைதட்டல்)

மறுநாள் எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் வந்து பார்த்தார். பேட்டரியின் எர்த் வயர் உடம்பிலே சேருகிற இடத்திலே இரும்பு இரும்பைத் தொட வேண்டும். நடுவிலே பெயின்ட். ஸ்டார்ட்டர் கேட்கிற அளவுக்கு மின்சாரம் எப்படிப் போகும்? உப்புத்தாள் எடுத்து அந்தப் பெயின்ட்டைத் தேய்த்தார். ஒரு ரூபாய் அகலம்தான். சாவியைத் திருப்பினார். எஞ்சின் பிடித்துக்கொண்டது. அத்தனை அலங்காரத்தையும் விட, தேய்த்து எடுத்த அந்த ஒரு ரூபாய் இடம்தான் வண்டியை ஓட வைத்தது! (கைதட்டல்)

சரி, போனது மானம்தானே, போகட்டும். அடுத்த மாதம் ஆயில் மாற்றினேன். வழக்கம்போல அம்மா சீட்டிலே ஏறி மீட்டரைப் பார்த்து நம்பர் சொன்னாங்க. இறங்கி முன்னால வந்தாங்க. பேட்டரிக்குப் பக்கத்துல கையை வச்சாங்க. வச்ச கையை எடுக்கவே இல்லை. "தம்பி, அப்பா எழுதினது எங்கடா?"

அப்பத்தான் எனக்கே உறைச்சது. முப்பது வருஷக் கணக்கு மேலே வெள்ளிப் பெயின்ட் அடிச்சிட்டாங்க. நான் அடிக்கச் சொல்லியிருக்கேன். மெக்கானிக் அண்ணன்கிட்ட ஓடினேன். "தின்னர் போட்டு எடுத்துரலாமா?" அவர் சொன்னார்: "வாத்தியாரே, மேல இருக்கிறதும் பெயின்ட்டு, கீழ அவர் எழுதினதும் பெயின்ட்டு. தின்னருக்கு எது கம்பெனி பெயின்ட்டு, எது அப்பா பெயின்ட்டுன்னு தெரியாது."

நடுவர் அவர்களே, என் வாதமே இந்த ஒன்றுதான். அழுக்கை நாளைக்கு எடுக்கலாம். அடுத்த வாரம் எடுக்கலாம். பத்து வருஷம் கழித்தும் எடுக்கலாம். ஆனால் பழைய நிலை ஒரு தடவை போனால் போனதுதான். இரண்டும் எப்படி ஐயா ஒரே தராசிலே நிற்கும்? (கைதட்டல்)

நம் கோயில்களிலே இது நடக்கவில்லையா? கருங்கல் சுவரிலே எண்ணெய்ப் பிசுக்கு என்று மணலைக் காற்றோடு வேகமாக வீசி அடித்தார்கள். பிசுக்குப் போயிற்று. கூடவே கல்வெட்டு எழுத்தும் மழுங்கிற்று. சுவர் பளிச்சென்று நிற்கிறது. ராஜா என்ன தானம் கொடுத்தான் என்பதைப் படிக்க முடியவில்லை. எங்க அப்பா ராஜா இல்லை. ஆனா எங்க வீட்டுக்கு அது கல்வெட்டுதானே? (பலத்த கைதட்டல்)

எதிரணித் தலைவர் அம்மையார் ஒரு நல்ல கேள்வி கேட்டார்கள். "பழைய வயரு உரிஞ்சு தீப்பிடிச்சா என்ன பண்ணுவீங்க? உளுத்த ரப்பர் குழாயைக் கும்பிட்டுக்கிட்டு இருப்பீங்களா?" நியாயமான கேள்வி. ஒத்துக்கொள்கிறேன். பெட்ரோல் குழாய், வயர், பிரேக், ஃபேன் பெல்ட், இவற்றிலே உயிர் இருக்கிறது. உளுத்துப் போனால் மாற்றித்தான் ஆக வேண்டும். பழசு என்பதற்காக உயிரைப் பணயம் வைக்கச் சொல்லவில்லை. ஆனால் எப்படி மாற்றுவது? அதே அளவு, அதே நிறம், அதே வழியிலே போகிற மாதிரி மாற்றுங்கள். கழற்றியதை எடைக்குப் போடாமல், ஒரு சீட்டு எழுதிக் கட்டி, பெட்டியிலே வையுங்கள்.

இது நான் கண்டுபிடித்த சட்டம் இல்லை. பழைய வாகனங்களுக்கென்று ஃபீவா என்ற உலகக் கூட்டமைப்பு 1966-லே ஏற்பட்டது. 2012-லே அவர்கள் டுரின் சாசனம் என்று ஒன்றை ஏற்றுக்கொண்டார்கள். அதன் சாரம் என்ன? இருப்பதைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை. மாற்றினால், மாற்றியது எது என்று அடையாளம் வை; என்ன செய்தாய் என்று எழுதி வை.

இதைக் கேட்டதும் தமிழ்ப் படித்தவனுக்கு யார் ஞாபகம் வரும்? உ.வே.சாமிநாதையர்! 1887-லே சீவக சிந்தாமணியை அச்சிலே கொண்டுவந்தாரே, அந்தத் தமிழ்த் தாத்தா என்ன செய்தார்? ஏட்டிலே தூசியைத் துடைத்தார். பாட்டைத் திருத்தி எழுதவில்லை. ஒரு சொல் இரண்டு ஏட்டிலே இரண்டு விதமாக இருந்தால், பாடபேதம் என்று குறித்து வைத்தார். "இந்தச் சொல் பளபளப்பாக இல்லையே, புதுச் சொல் போடலாம்" என்று அவர் நினைத்திருந்தால், இன்றைக்கு நமக்குச் சிந்தாமணி கிடைத்திருக்காது. வேறு ஏதோ கிடைத்திருக்கும்! (கைதட்டல்)

நம் நாட்டுச் சட்டமும் எங்கள் பக்கம்தான். 2021-லே மத்திய அரசு பழங்கால வாகனங்களுக்குத் தனிப் பதிவு விதி கொண்டுவந்தது. முதல் பதிவு ஆகி ஐம்பது வருஷத்துக்கு மேலே ஆன இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துப் போட்ட நம்பர் பலகை. என்ன நிபந்தனை? வண்டி மூல வடிவிலேயே பேணப்பட்டிருக்க வேண்டும். சேசிஸ், உடம்புக் கூடு, எஞ்சின், இவற்றிலே பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. வெள்ளிப் பெயின்ட் அடித்தால் உடனே தள்ளிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விதியிலே 'பளபளப்பாக இருக்க வேண்டும்' என்று எழுதியிருக்கிறதா? 'மூல வடிவிலே' என்றுதானே எழுதியிருக்கிறது? (கைதட்டல்)

அதோடு, ஆர்.சி. புதுப்பிக்கப் போனால் எஞ்சின் நம்பரைப் பார்க்க வேண்டும். நான் போனபோது, எழுத்துப் பள்ளத்துக்குள்ளே எல்லாம் பெயின்ட் உறைந்து கிடந்தது. மெல்லச் சுரண்டி, மேலே காகிதம் வைத்துப் பென்சிலாலே தேய்த்துத் தேய்த்து, நம்பரைக் கொண்டு வருவதற்குள்ளே எனக்கு வியர்த்துவிட்டது. வண்டியோட பேரை வண்டியே மறக்கிற மாதிரி அலங்காரம் பண்ணியிருக்கேன் பாருங்க!

அதற்குப் பிறகு நான் திருந்திவிட்டேன். மெக்கானிக் அண்ணன் பட்டறைக்குப் போய்ப் பேசி, சாக்கிலே கிடந்த பழைய கிளிப்பு, மூடி, போல்ட்டு எல்லாவற்றையும் மீட்டுக் கொடுத்தார். மண்ணெண்ணெயிலே கழுவி, ஒவ்வொன்றாக மாட்டினோம். ஞாயிற்றுக்கிழமைகளிலே பிரஷும் வேட்டித் துணியும் இப்போது என் கையிலே. பக்கத் தகட்டிலே அடித்த வெள்ளிப் பெயின்ட்டை மட்டும் நாங்கள் தொடவில்லை. தொட்டால் கீழே இருப்பதும் போய்விடும்.

அம்மாவுக்கு இப்போது எண்பத்து நாலு வயசு. ஆயில் மாற்றுகிற அன்று இப்பவும் சீட்டிலே ஏறி நம்பர் சொல்றாங்க. நான் நோட்டிலே எழுதிக்கறேன். இறங்கி வந்து, பேட்டரிக்குப் பக்கத்திலே அந்தத் தகட்டைத் தடவிப் பார்க்கிறாங்க. ஒரு நாள் கேட்டாங்க: "தம்பி, அடியில இருக்குல்லடா?" "இருக்கும்மா"ன்னேன். "அப்ப சரி. அதுக்கு மேல இன்னொண்ணு அடிச்சிராதே."

நடுவர் அவர்களே, பள்ளிக்கூடம் போகாத அந்தத் தாய் சொன்னதைவிட ஒரு நல்ல தீர்ப்பு இந்த மேடைக்கு வேண்டுமா? வீட்டிலே பழைய வண்டி வைத்திருக்கிற அன்பர்களே, பானெட்டைத் திறங்கள். அழுக்கை நன்றாகத் துடையுங்கள். துடைத்துக்கொண்டே வரும்போது, எழுத்தோ, முத்திரையோ, யாரோ கட்டிய ஒரு கம்பி முடிச்சோ தென்பட்டால், அங்கே மட்டும் கையை நிறுத்திவிடுங்கள். எஞ்சினுக்குப் பெருமை பழைய நிலையே, பழைய நிலையே என்று கூறி அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)